ஐந்தாம் விதிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

மனு எழுதுவதில் காரைக்குடியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவளுக்கு மனு அடிப்பது பக்கத்துத் தொழில். பிள்ளைகள் லோயரும் ஹையரும் அடித்துப் பழகிக்கொண்டிருக்க, ஓரத்து மெஷினில் உட்கார்ந்து நான் ஊர்க்காரர்களின் குறைகளை அடித்துக்கொண்டிருப்பேன். பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வேலை மாற்றல் என்று எது வந்தாலும் ஒரே வார்ப்புதான். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். அதற்குக் கீழே ‘நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள்’. கடைசியில் ‘கருணை கூர்ந்து’. வந்து நிற்பவர் வாயைத் திறக்குமுன் என் விரல் பாதி மனுவை முடித்திருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். ஆகஸ்ட் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம். மதுரையில் இருந்த எங்கள் பயிற்சி நிலையச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதோடு அரசிதழின் இரண்டு பக்கங்களை நகல் எடுத்து ஊசி குத்தி அனுப்பியிருந்தார்கள். தட்டச்சு நிலையங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதற்குப் புதிதாக விதிகள் கொண்டுவரப் போகிறார்களாம். அதன் வரைவு அது. காற்றோட்டம், வெளிச்சம், மெஷின்களின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். நான்கு விதிகள் வரைக்கும் பயமில்லை. ஐந்தாம் விதியில் கண் நின்றுவிட்டது.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் நிலையங்கள், கட்டட உரிமையாளர் கையெழுத்திட்டுப் பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாது. இவ்வளவுதான் அந்த விதி. வேறு ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு, வீட்டுக்காரரிடம் போய் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். என் இன்ஸ்டிடியூட் நடந்ததோ ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பில். தேக்குத் தூண்களுக்கு நடுவே ஒன்பது மெஷின்களைப் போட்டிருந்தேன். அந்த வீட்டுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வியை அதுவரை நான் கேட்டதும் இல்லை, யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை. சாவி வைத்திருந்த ஆச்சி ‘நடத்திக்கங்க’ என்றார், நடத்தினேன்.

அங்கீகாரம் போனால் எங்கள் பெயரில் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. பரீட்சைக்கு அனுப்பாத இன்ஸ்டிடியூட்டுக்கு எவரும் வரமாட்டார்கள். குன்றக்குடியிலிருந்தும் நெற்குப்பையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்பிள்ளைகள் எல்லாம் சர்டிபிகேட்டுக்காக வருகிறவர்கள், என் முகத்தைப் பார்க்க அல்ல. கம்ப்யூட்டர் சென்டர் என்ற போர்டு வேறு ஊரில் ஒன்றிரண்டு முளைத்திருந்தது. ஒருமுறை கதவைச் சாத்தினால் மறுபடி திறக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே உள்ளே போய் ஆச்சியிடம் கேட்டேன். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கணவர் கோயம்புத்தூரில் கடை வைத்திருந்தார், பிள்ளைகள் மெட்ராசில். அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக விளக்கேற்றிக்கொண்டும், ஒழுகும் இடத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டும் இருந்தார்.

“ஆச்சி, இந்த வீடு யாருக்குச் சொந்தம்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன திடீர்னு? பங்காளிகளுக்குத்தான்.”

“எத்தனை பங்காளிக?”

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பெரிய வீட்டு வழியில் ஆறு, நடு வழியில் ஐந்து, அதில் ஒருவர் பினாங்கில். கடைசி வழியில் ஒருவர் ரங்கூனிலேயே தங்கிவிட்டார், கடுதாசி நின்று வெகுகாலம் ஆயிற்று, பிள்ளைகள் உண்டா என்றுகூடத் தெரியாது. ஒரு கை முடிந்து மறு கை முடிந்து திரும்பவும் முதல் கைக்கு வந்தார். “பதினெட்டு இருக்கும். இல்ல, பத்தொம்போது. அதுல ரெண்டு பேரு பேச்சுவார்த்தை இல்ல. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்தாக்கூட வேற வேற பந்தியில ஒக்காருவாக.”

“எல்லாரும் ஒரு தாளுல கையெழுத்துப் போடுவாகளா?”

ஆச்சி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பயம் வந்தால் கை வேலை செய்யும், தலை வேலை செய்யாது. வெளியே வந்து மெஷினில் தாளைச் சொருகினேன். ‘ஐயா, நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள்’ என்று விரல் தானாக ஓடியது. என் நிலையம் தாங்கள் கொண்டுவரும் ஐந்தாம் விதிக்குப் பொருந்தாத இடத்தில் நடந்து வருகிறது என்றும், உரிமையாளரின் ஒப்பந்தம் எதுவும் என்னிடம் இல்லை என்றும், அந்தக் குற்றத்தைப் பொறுத்தருளி எனக்கு மட்டும் விலக்கு அளித்துக் கருணை காட்டுமாறும் அடித்தேன். கண்ணீர் வரும்படி அடிப்பது என் தொழில். என் மனுவுக்கு எனக்கே கண்ணீர் வந்தது. துறையின் தலைமைக்கு ஒன்று, நகல் கலெக்டருக்கு, அமைச்சருக்கு, எம்.எல்.ஏ.வுக்கு. எல்லாவற்றையும் ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு, கோயிலுக்குப் போய் மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடமை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் தேவகோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். எதற்கும் பதறாத மனிதர், அதனாலேயே சில நேரம் எரிச்சல் வரும். “வரைவுதானே, இன்னும் சட்டமா வரலையே. வராத ஒண்ணுக்கு ஒனக்கு ஏன் சோறு எறங்கல?” என்றார். வரைவு என்றால் என்ன என்று அப்போது அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொள்ளத்தான் எனக்கு மனசில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஹையர் முடித்துவிட்டு, சிவகங்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்தவள். பிறத்தியார் மனுவைப் பத்து வருஷம் அடித்தவள் நான். மனு போய்ச் சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். காபியைக் கொடுத்துவிட்டு, பெருமையாக மனுவின் கார்பன் காப்பியைக் காட்டினேன். அவள் படித்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன டீச்சர் இது?”

“மனு.”

“மனு இல்ல டீச்சர். வாக்குமூலம். எங்கிட்ட பத்திரம் இல்ல, நான் செய்யிறது குத்தம்னு கையெழுத்துப் போட்டு, மூணு பேருக்கு நகல் வேற வச்சிருக்கீக.”

அவள் அரசிதழ் நகலைக் கேட்டு வாங்கி, இரண்டாம் பக்கத்தின் அடியைக் காட்டினாள். ஐந்தாம் விதியோடு நின்றுவிட்ட என் கண் அங்கே போகவேயில்லை. இந்த வரைவின்மேல் ஆட்சேபணையோ ஆலோசனையோ சொல்ல விரும்பும் எவரும், அரசிதழில் வெளியான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம், வந்தவற்றைப் பரிசீலித்த பிறகே விதிகள் இறுதியாகும் என்று போட்டிருந்தது.

“ஒங்ககிட்ட அவுக மன்னிப்பே கேக்கச் சொல்லல டீச்சர். இது சரியா வருமான்னு கேட்டுருக்காக. சரியா வராதுன்னா எதனால வராதுன்னு சொல்லணும். நீங்க என்னான்னா, விதி ரொம்ப நல்லாருக்கு, நான்தான் மோசம்னு எழுதியிருக்கீக.”

“அத திருப்பி வாங்க முடியாதா?”

“ரிஜிஸ்டர்ல போனத எப்புடி வாங்குறது? இன்னொண்ணு எழுதுங்க. ஒரு ஆளு ஒரு தடவதான் எழுதணும்னு எங்கயும் போடலையே.”

நாள் கணக்குப் பார்த்தோம். சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்ததே அரசிதழ் வெளியாகி ஏழாம் நாள்தான். மீதி இருந்தது எட்டு நாள். தபால் மெட்ராஸ் போய்ச் சேர மூன்று நாளைக் கழித்தால் ஐந்து. புறப்படும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: எந்த விதி, அது நம் ஊரில் ஏன் நடக்காது, அதற்குப் பதிலாக என்ன வார்த்தை போடலாம், இந்த மூன்றும் இருந்தால் போதும், ஏழ்மை வேண்டாம். கடைசிச் சொல்லை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். தாளைச் சொருகினேன். ‘ஐயா, நான் மிகவும்’ என்று அடித்துவிட்டேன். உருவிப் போட்டேன். இன்னொரு தாள். ‘தாங்கள் கருணை’ வரைக்கும் போய்விட்டது. எத்தனை வருஷப் பழக்கம், விரல் கேட்கவே இல்லை. பிள்ளைகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தப்படித்தால் தாளை உருவக்கூடாது என்று அவர்களைத் திட்டுகிறவள் நான். கடைசியில் மெஷினை விட்டு எழுந்து, பேனாவால் எழுதினேன். பேனா பிடித்தால்தான் யோசிக்க முடிந்தது.

எழுத எழுதத்தான் ஒன்று புரிந்தது. மெட்ராசில் உட்கார்ந்து விதி எழுதியவருக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு உரிமையாளர் இருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பத்தொன்பது பேருக்குச் சொந்தமான வீடு உண்டு, அதில் ஒருவர்கூட ஊரில் இல்லை என்பதை யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல அன்றைக்கு என்னைத் தவிர ஆள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஆச்சியின் காதுக்கு விஷயம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து முகப்புக்கு வந்தார். எப்போதும் நிலைப்படியோடு நின்று பேசிவிட்டுப் போகிறவர், அன்று மெஷின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வீட்டுப் பங்காளிக விவகாரத்தை மெட்ராசுக்கு எழுதப் போறீகளாமே.”

“வீட்டப் பத்தி இல்ல ஆச்சி. விதியப் பத்தி.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. நாளைக்குக் கவர்மெண்டு ஆளு வந்து யாரு யாருக்கு எத்தனை பங்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல? பங்கு அவுகளுக்கு, எனக்குச் சாவி மட்டுந்தான். சாவிய வச்சிருக்கவ ஊரைக் கூட்டிட்டான்னு பேச்சு வந்துச்சுன்னா, அடுத்த படைப்புக்கு நான் யாரு மூஞ்சியில முழிக்க? அதுக்கு நீங்க வேற எடம் பாத்துக்கிறது நல்லது.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் பயந்தேன். எழுதாவிட்டால் அங்கீகாரம் போகும். எழுதினால் இடம் போகும். எப்படிப் பார்த்தாலும் ஒன்பது மெஷினையும் தூக்கிக்கொண்டு நான் தெருவில் நிற்க வேண்டும். அன்று பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஸ்டாப் வாட்சை அழுத்த மறந்துவிட்டேன். அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். போடுவதற்கு முன்னால் ஒருதடவை கேளுங்கள், வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்று ஆச்சியிடம் சொன்னேன். பொய்தான் சொன்னேன். கிழித்திருக்க மாட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஊர் பெயர் இருந்தது, வீட்டின் அடையாளம் இல்லை. பங்காளிகள் எவர் பெயரும் இல்லை. ‘எங்கள் பகுதியில் பல பெரிய வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. உரிமையாளர்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரே ஊரில் இருக்கிறார். எனவே உரிமையாளர் என்பதோடு, கட்டடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற சொல்லையும் சேர்க்கலாம். பதிவுப் பத்திரத்துக்குப் பதிலாக அவருடைய சம்மதக் கடிதத்தை ஏற்கலாம்.’ ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது.

ஆச்சி மறுபடி முறத்தைக் கையில் எடுத்தார். ஒரு கல்லைப் பொறுக்கித் தூரப் போட்டார்.

“வீட்டு வரி ரசீது யாரு பேருல வருதுன்னு போட்டீகளா?”

“இல்ல. யாரு பேருல வருது?”

“எங்க மாமனாருக்கு அப்பச்சி பேருல. அவுக போயி அம்பது வருஷம் ஆச்சு. இன்னும் அவுகதான் முனிசிபாலிட்டிக்கு வரி கட்டுறாக. அவுக வந்து கையெழுத்துப் போடுவாகளான்னு எழுதுங்க.”

எழுதினேன். அவர் சொன்ன மாதிரி அல்ல, ‘வரி ரசீதுகள் காலமான மூதாதையர் பெயரிலேயே தொடர்கின்றன’ என்று எழுதினேன். அன்று சாயங்காலமே அடித்து, கையெழுத்துப் போட்டு, தபாலாபீசில் ரிஜிஸ்டர் செய்தேன். இந்த முறை நகல் யாருக்கும் இல்லை. கவுண்டரில் இருந்தவர் முத்திரை குத்தினார். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். அட்டை வந்தது. அலுவலக முத்திரையில் இருந்த தேதியை விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொன்பதாம் நாள். மறுபடி எண்ணினேன். அரசிதழ் வெளியான நாளைச் சேர்ப்பதா, விடுவதா என்று ஒரு புதுப் பயம் கிளம்பியது. சேர்த்தால் முப்பது. எப்படி எண்ணினாலும் உள்ளேதான் என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் நான் மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் பரீட்சை முடிந்தது. பிப்ரவரிப் பரீட்சைக்குப் புதிதாகச் சேர வந்த பிள்ளைகளிடம் ‘கொஞ்சம் பொறுத்து வாங்க’ என்று சொல்லி அனுப்பினேன். அங்கீகாரம் இல்லாமல் போனால் அவர்கள் படிப்பு பாதியில் நிற்கும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கையில் பையோடு புது ஆள் யார் தெருவில் வந்தாலும், என் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு விசாரிக்க வருகிறார் என்றே தோன்றும். ஒருமுறை வந்தவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அவர் என்னிடம் அவ்வளவு மரியாதையை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அக்டோபர் மழையில் ஒரு பதில் வந்தது. முதல் கடிதத்துக்கு வந்த பதில் அது. பழுப்பு உறையைப் பிரிக்க முடியாமல் ஆச்சியிடம்தான் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். விதிகள் இன்னும் நடைமுறைக்கு வராத நிலையில், விலக்குக் கோரும் தங்கள் மனுவின்மீது நடவடிக்கை எழவில்லை என்று இரண்டே வரி. செய்யாத குற்றத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அதை அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. இரண்டாம் கடிதத்துக்குப் பதிலே இல்லை, கடைசி வரைக்கும் வரவில்லை.

ஜனவரியில், பொங்கல் கழிந்து, சங்கத்திலிருந்து இறுதி விதிகள் வந்தன. இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். ஐந்தாம் விதிக்கு வந்ததும் எழுத்து கலங்கித் தெரிந்தது. ‘கட்டடத்தின் உரிமையாளர் அல்லது அதனைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அளிக்கும் சம்மதக் கடிதம்.’ என் கடிதத்தால் மாறியதா, என்னைப் போல இன்னும் பலர் எழுதினார்களா, எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் போவதில்லை. ஆனால் ‘பொறுப்பில் வைத்திருப்பவர்’ என்ற சொல்லை நான் பேனாவால் எழுதிய மத்தியானம் எனக்கு நினைவிருந்தது. சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்த நிமிஷமே பயம் திரும்பிவிட்டது. அந்தச் சம்மதக் கடிதத்தில் ஆச்சி அல்லவா கையெழுத்துப் போட வேண்டும். வேற இடம் பாத்துக்கங்க என்று சொன்ன ஆச்சி. அந்த வீட்டுக் காகிதம் எதிலும் அதுவரை அவர் கையெழுத்து இருந்ததில்லை. கோயம்புத்தூருக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்வார், அவர் கணவர் அண்ணன்மார்களைக் கேட்பார், அவர்கள் பினாங்கைக் கேட்பார்கள், பத்தொன்பது பேரும் மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள். கடிதத்தை அடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார். “என்னமோ வந்துருக்காமே” என்றார். விதியைப் படித்துக் காட்டினேன். சம்மதக் கடிதத்தை நீட்டினேன். கீழே ‘கட்டடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்’ என்று அடித்து, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். ஆச்சி அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு மெல்லப் படித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா, இந்த வீட்டுக்கு நான்தான் பொறுப்புன்னு ஆயிரும்ல?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஆமா ஆச்சி.”

அவர் முகப்பை ஒருதடவை பார்த்தார். தூண்கள், மெஷின்கள், போன மழையில் ஒழுகிய இடத்தில் அவர் ஆள் விட்டு மாற்றிய ஓடுகள். பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

“இம்புட்டு வருஷமா யாரு பொறுப்பாம்?” என்று கேட்டுவிட்டு, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.